அப்டேட் முடிந்ததும் லேப்டாப் திரை கறுப்பாகிவிட்டதா? பதறாமல் என்ன செய்வது, செலவு யார் தலையில்?

லேப்டாப்பில் 'அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்' கொடுத்தாயிற்று. ஃபேன் சத்தம் கேட்கிறது, சார்ஜர் விளக்கு எரிகிறது, ஆனால் திரையில் ஒன்றுமே இல்லை. முழுக்க கறுப்பு. 'போச்சு, மதர்போர்டு காலி' என்று பலரும் உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

ஆனால், கறுப்புத் திரை என்றாலே லேப்டாப் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பல நேரங்களில் வீட்டிலேயே சரியாகக்கூடிய பிரச்னைதான் அது. அவசரப்பட்டு பவர் பட்டனை அழுத்துவதால் உண்மையிலேயே பழுதாகும் லேப்டாப்களும் உண்டு.

2026-ல் இந்த விஷயத்துக்கு முக்கியத்துவம் கூடியிருக்கிறது. அதற்குக் காரணம், மைக்ரோசாஃப்ட் 2011-ல் உருவாக்கிய பாதுகாப்புச் சான்றிதழ்கள்.

ஃபர்ம்வேர் என்றால் என்ன?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழித்துக்கொள்வது விண்டோஸ் இல்லை. மதர்போர்டில் உள்ள ஒரு சின்ன சிப்பில் பதிந்திருக்கும் மென்பொருள்தான் முதலில் ஓடும். அதுதான் ஃபர்ம்வேர். பழைய பெயர் பயாஸ், இப்போதைய வடிவத்தின் பெயர் யூஇஎஃப்ஐ. ராம், கீபோர்டு, திரை எல்லாவற்றையும் எழுப்பி, அதன்பிறகு விண்டோஸிடம் பொறுப்பை ஒப்படைப்பது இதன் வேலை.

செல்போன் ஆப் அப்டேட் பாதியில் நின்றால், அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். ஃபர்ம்வேர் அப்படியல்ல. அந்த சிப்பில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனாலோ, தவறான பதிப்பு ஏறினாலோ, லேப்டாப்பை எழுப்ப வேண்டிய மென்பொருளே பாதியில் நிற்கும். திரையை எழுப்புவதும் அதன் வேலைதான் என்பதால், 'என்ன தப்பு நடந்தது' என்று எழுதிக் காட்டக்கூட வழியிருக்காது. அதனால்தான் வெறும் கறுப்பு.

2026-ல் ஏன் இந்தப் பேச்சு?

கணினி ஆன் ஆகும்போது வைரஸ் புகுந்துவிடாமல் தடுக்கும் ஏற்பாட்டுக்கு 'செக்யூர் பூட்' என்று பெயர். 2012-ல் விண்டோஸ் 8 உடன் இது பரவலானது. இதற்கு அடிப்படையாக இருக்கும் 2011-ம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 ஜூன் முதல் ஒவ்வொன்றாகக் காலாவதியாகின்றன. அவற்றின் இடத்தில் 2023-ல் உருவாக்கப்பட்ட புதிய சான்றிதழ்களைக் கணினிகளில் ஏற்றும் வேலை நடக்கிறது. சில மாடல்களுக்கு, அதற்கு முன் லேப்டாப் நிறுவனத்தின் ஃபர்ம்வேர் அப்டேட்டும் தேவைப்படுகிறது.

'அந்தத் தேதிக்குப் பிறகு லேப்டாப் ஆன் ஆகாது' என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். புதிய சான்றிதழ் ஏறாத கணினிகளும் தொடர்ந்து இயங்கும் என்று மைக்ரோசாஃப்ட் கூறியிருக்கிறது. ஆனால், கணினி தொடங்கும் கட்டத்தைப் பாதுகாக்கும் புதிய திருத்தங்கள் அவற்றுக்குக் கிடைக்காது.

அந்தத் திருத்தங்கள் அவ்வளவு அவசியமா? ஆமாம். செக்யூர் பூட்டையே ஏமாற்றும் 'பிளாக்லோட்டஸ்' என்ற தீய மென்பொருளை ஈசெட் நிறுவனம் 2023 மார்ச்சில் அம்பலப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில், லேப்டாப் ஆன் ஆகும்போது தெரியும் நிறுவன லோகோ படத்தின் வழியாகவே உள்ளே நுழையலாம் என்று காட்டிய 'லோகோஃபெயில்' குறைபாடுகள் வெளிவந்தன. 'அப்டேட்டே வேண்டாம்' என்று ஒதுங்கி நிற்பது பாதுகாப்பான வழியல்ல.

பெரிய நிறுவனங்களுக்கும் சறுக்கியது

அதே நேரம், அப்டேட்டால் பிரச்னை வந்த சம்பவங்களும் கற்பனை அல்ல.

2018 ஜனவரியில், 'ஸ்பெக்டர்' குறைபாட்டைச் சரிசெய்ய வெளியிட்ட திருத்தத்தால் கணினிகள் தானாக ரீஸ்டார்ட் ஆவதாகப் புகார் வந்தது. அதை மேற்கொண்டு ஏற்ற வேண்டாம் என்று இன்டெல் நிறுவனமே கேட்டுக்கொண்டது.

2020 நவம்பரில் மேக்ஓஎஸ் பிக் சர் வந்தபோது, 2013, 2014-ம் ஆண்டுகளின் 13 அங்குல மேக்புக் ப்ரோ சிலவற்றில் திரை கறுப்பாகி நின்றது. 2021-ல் மேக்ஓஎஸ் மான்டரே வந்தபோது சில மேக் கணினிகள் ஆன் ஆகவே இல்லை. டி2 பாதுகாப்பு சிப்பின் ஃபர்ம்வேரில்தான் கோளாறு என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது.

2024-ல் எச்பி புரோபுக் 455 ஜி7 லேப்டாப் வைத்திருந்த சிலர், தானாக வந்த பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று புகார் சொன்னார்கள்.

'தானாக வந்த' என்பதைக் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் பயாஸ் அப்டேட் என்பது விவரம் தெரிந்தவர்கள் தேடிப்போய்ச் செய்யும் வேலை. இப்போது விண்டோஸ் அப்டேட்டுடன் சேர்ந்து வந்துவிடுகிறது. ஃபர்ம்வேர் மாறப்போகிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

திரை கறுப்பானால்: வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. முதலில் காத்திருங்கள். சார்ஜரைக் கழற்ற வேண்டாம், பவர் பட்டனைத் தொட வேண்டாம். ஃபர்ம்வேர் மாறியபின் முதல்முறை ஆன் ஆகும்போது ராமை மறுபடி சோதித்துப் பழக்கும் வேலை நடக்கும். புதிய டிடிஆர்5 ராம் உள்ள லேப்டாப்களில் இதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், தானாகவே ஓரிரு முறை ரீஸ்டார்ட்டும் ஆகலாம். அரை மணி நேரமாவது விட்டுவிடுவது நல்லது.

2. பிரச்னை திரையிலா, லேப்டாப்பிலா? கேப்ஸ் லாக் கீயை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் லேப்டாப் உயிரோடு இருக்கிறது. விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். எச்டிஎம்ஐ கேபிளில் டிவியை இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் ஃபர்ம்வேர் நன்றாக இருக்கிறது, கோளாறு திரையிலோ டிரைவரிலோதான். டெல் லேப்டாப் என்றால், டி கீயைப் பிடித்தபடி பவர் பட்டனை அழுத்துங்கள். திரையில் வண்ணங்கள் மாறி மாறி வந்தால் திரை நலம்.

3. மிச்ச மின்சாரத்தை வடியுங்கள். அரை மணி நேரம் கழிந்தும் எந்த அசைவும் இல்லை என்று உறுதியான பிறகே இது. சார்ஜர், பென்டிரைவ், மவுஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்யுங்கள். பல திங்க்பேட் மாடல்களில் இதற்கென்றே அடிப்பக்கம் ஒரு ஊசித்துளை இருக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் அதை அழுத்த வேண்டும்.

4. விளக்கு சிமிட்டுகிறதா, பீப் சத்தம் வருகிறதா? செல்போனில் வீடியோ எடுத்துவையுங்கள். எத்தனை முறை சிமிட்டுகிறது என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பொருள் வைத்திருக்கிறது. பயாஸ் கெட்டதா, ராம் பழுதா என்பதை அது சொல்லிவிடும். சர்வீஸ் சென்டரில் காட்டவும் இது உதவும்.

5. பயாஸ் ரெக்கவரி. பல எச்பி மாடல்களில் விண்டோஸ் கீ, பி இரண்டையும் பிடித்தபடி பவர் பட்டனை 2 அல்லது 3 விநாடி அழுத்தி, பவர் பட்டனை மட்டும் விட வேண்டும். பல டெல் மாடல்களில் லேப்டாப் ஆஃபில் இருக்கும்போது கண்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்தபடி சார்ஜரைச் செருக வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால், வேறொரு கணினியில் அந்த நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் இருந்து அதே மாடலுக்கான பயாஸ் ஃபைலை பென்டிரைவில் ஏற்றி முயற்சிக்கலாம். மாடல் எண் ஓர் எழுத்து மாறினாலும் ஆபத்துதான்.

6. மேக் என்றால்? ஆப்பிள் சிலிக்கான் அல்லது டி2 சிப் உள்ள மேக்கை, இன்னொரு மேக்குடன் கேபிளில் இணைத்து 'ரிவைவ்' செய்யலாம். இதில் ஃபைல்கள் அழியாது. 'ரிஸ்டோர்' கொடுத்தால் எல்லாம் அழிந்துவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

7. நிறுவன லோகோ வந்தபிறகு கறுப்பாகிறதா? அப்படியென்றால் ஃபர்ம்வேர் தன் வேலையைப் பெருமளவு முடித்துவிட்டது. பிரச்னை பெரும்பாலும் விண்டோஸிலோ டிரைவரிலோ இருக்கும். ஆன் ஆகும்போதே தொடர்ந்து 2, 3 முறை பவர் பட்டனைப் பிடித்து அணைத்தால் விண்டோஸின் பழுதுநீக்கும் திரை வரும். அதில் சேஃப் மோடுக்குப் போய், கடைசியாக ஏறிய அப்டேட்டை நீக்கிப் பார்க்கலாம்.

ஃபைல்கள் போய்விடுமா?

கடைக்காரரின் கணக்கு, மாணவியின் ப்ராஜெக்ட், குடும்பப் படங்கள் எல்லாம் எஸ்எஸ்டி என்ற தனிப் பாகத்தில் இருக்கின்றன. பயாஸ் சிப் கெட்டாலும் அவை அழிவதில்லை. 'ஃபார்மட் போட்டால்தான் சரியாகும்' என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். லோகோவே வராத லேப்டாப்பை ஃபார்மட் சரிசெய்யாது.

ஆனால் இங்கே ஒரு பூட்டு இருக்கிறது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து தொடங்கும் பல புதிய லேப்டாப்களில் ஃபைல்கள் தானாகவே என்கிரிப்ட் ஆகின்றன. அதன் சாவி மதர்போர்டோடு பிணைந்தது. ஃபர்ம்வேரை மறுபடி எழுதினாலோ, மதர்போர்டை மாற்றினாலோ, எஸ்எஸ்டியை வேறு லேப்டாப்பில் போட்டாலோ, 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது இல்லையென்றால் லேப்டாப் சரியாகியும் ஃபைல்கள் திறக்காது. சர்வீஸ் சென்டராலும் திறக்க முடியாது.

2024 ஜூலையில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்றுக்குப் பிறகு, சில கணினிகள் காரணமே இல்லாமல் இந்தக் கீயைக் கேட்டதை மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. எனவே அப்டேட்டுக்கு முன்பே அந்த எண்ணை எழுதிவைப்பது அவசியம். செல்போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைஸ் பகுதியில் பார்த்தால் கிடைக்கும்.

கடையில் கொடுக்கும்போது கேட்க வேண்டியது

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில், கெட்டுப்போன பயாஸ் சிப்பில் தனிக் கருவி மூலம் மறுபடி புரோகிராம் ஏற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வாரன்டி முடிந்த லேப்டாப்புக்கு, மதர்போர்டையே மாற்றுவதைவிட இது சிக்கனமான வழி.

ஆனால், அந்த சிப்பில்தான் லேப்டாப்பின் சீரியல் எண்ணும், பல மாடல்களில் விண்டோஸ் லைசென்ஸ் கீயும் இருக்கின்றன. வேறு லேப்டாப்பின் ஃபைலை அப்படியே ஏற்றினால் அவை மாறிவிடும். 'பழைய சிப்பில் இருப்பதை பேக்கப் எடுத்துவிட்டுத்தானே எழுதுவீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாரன்டி இருந்தால் வெளியே திறக்கவே கூடாது, நேராக நிறுவன சர்வீஸ் சென்டர்தான்.

செலவு யார் தலையில்?

வாரன்டி காலம் என்றால் சிக்கல் குறைவு. வாரன்டி முடிந்த லேப்டாப்பில் நிறுவனம் அனுப்பிய அப்டேட்டே பழுதுக்குக் காரணம் என்றால்? உரிமையாளர் கீழே போடவில்லை, தண்ணீர் கொட்டவில்லை. வந்த அப்டேட்டை அனுமதித்தார், அவ்வளவுதான். ஆனால் நடைமுறையில் மதர்போர்டு மாற்றும் செலவு பெரும்பாலும் அவரிடமே கேட்கப்படுகிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் இதைச் சேவைக் குறைபாடு என்று வாதிட இடமிருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம். தீரவில்லை என்றால், வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கு போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்னை ஏற்பட்ட 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

ஆனால் அப்டேட்டால்தான் பழுது என்று நிரூபிப்பது எளிதல்ல. ஆதாரம் முக்கியம். அப்டேட் வந்த தேதி, கறுப்புத் திரையின் வீடியோ, சர்வீஸ் சென்டரின் ஜாப் ஷீட், வாங்கிய பில் நான்கையும் பத்திரப்படுத்துங்கள். 'பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு ஆன் ஆகவில்லை' என்று ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

என்னதான் தீர்வு?

அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2018-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஃபர்ம்வேரைப் பாதுகாக்க வேண்டும், கெட்டுப்போனால் கண்டறிய வேண்டும், பழைய நிலைக்குத் தானாகவே மீட்க வேண்டும் என்பதே அதன் சாரம். நல்ல நிலையில் உள்ள ஒரு பிரதியை லேப்டாப்புக்குள்ளேயே வைத்திருந்து தானே சரிசெய்துகொள்ளும் வசதி இன்று இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் அலுவலகங்களுக்கான மாடல்களில்தான் முன்னிறுத்தப்படுகிறது. மாணவர்களும் சிறு வியாபாரிகளும் வாங்கும் விலை குறைந்த மாடல்களில் அது உண்டா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அப்டேட்டைத் தானாக அனுப்பும் உரிமையை நிறுவனங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அது தவறினால் மீட்கும் பொறுப்பும் அவர்களுடையதாகத்தானே இருக்க வேண்டும்? அந்த நிலை வரும்வரை முன்னெச்சரிக்கை நம் கையில்தான்.

அடுத்த அப்டேட்டுக்கு முன்

- முக்கிய ஃபைல்களுக்கு பேக்கப் எடுங்கள்.
- 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள்.
- பேட்டரியில் போதுமான சார்ஜ் இருக்கட்டும், சார்ஜரும் செருகியே இருக்கட்டும். கரன்ட் அடிக்கடி போகும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.
- அப்டேட் ஓடும்போது மூடியை மூடாதீர்கள்.
- தேர்வு, ஆன்லைன் இன்டர்வியூ, வரி தாக்கல் போன்றவற்றுக்கு முந்தைய நாள் வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டைச் சில வாரங்களுக்கு 'பாஸ்' செய்துவைக்கலாம். வேலை முடிந்ததும் மறக்காமல் ஏற்றிவிடுங்கள்.