ஊற்றிக் கொடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு

"பொழுதுபட்டுப் படலைச் சத்தம் கேட்டால் போதும் தங்கச்சி, பிள்ளையள் புத்தகத்தை மூடிப்போட்டுக் குசினிக்குள்ள ஓடிடுங்கள்."

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் ஓர் அக்கா இப்படிச் சொன்னார். பின்பு என்னைக் கேட்டார்: "நிக்க ஏலாத ஆளுக்கு இன்னுமொரு போத்தல் குடுக்கிறாங்களே, அவங்களை ஒருத்தரும் கேக்கிறேல்லையோ?"

கேட்ட ஊர் உண்டு, சகோதரிகளே. சுவீடன் நாட்டில் வெறியில் இருப்பவருக்கு மது விற்பது குற்றம். ஆயினும் 1996இல் தலைநகர் ஸ்டொக்ஹோமில் நடிகர்களை வெறிகாரர்போல் நடிக்கவைத்து மதுபானசாலைகளுக்கு அனுப்பிப் பார்த்தபோது, நூற்றுக்கு 5 தடவைகளே மது மறுக்கப்பட்டது. அதன்பின் பரிமாறுவோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். உரிமையாளர்களும் பொலிசாரும் அனுமதிப்பத்திரம் வழங்குவோரும் ஒன்றாக இருந்து பேசினார்கள். கண்காணிப்பும் இறுகியது. 2001இல் மறுப்பு நூற்றுக்கு 70 ஆகியது. நகர மையத்தில் இரவு நேர வன்முறைக் குற்றங்கள் 29 வீதத்தால் குறைந்ததாக ஆய்வு காட்டியது.

அது பொலிசில் பதிவான கணக்கு. வீட்டுக்குள் விழும் அடி அதில் முழுமையாக வராது. ஆனாலும் ஊற்றுகிற கை ஒரு கணம் நின்றால் அடிக்கிற கைகளும் குறையலாம் என்பது அதிலிருந்து விளங்குகிறது.

நாமும் கேட்கலாம். எங்கள் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்பதைத் தடுக்கிறது. இதைக் கடைப்பிடிக்கும்படியும், வெறியில் நிற்பவருக்கு மேலும் கொடுக்க வேண்டாமென்றும், உரிய நேரத்தில் பூட்டும்படியும் தவறணையை நடத்தும் சங்கத்துக்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் கடிதம் கொடுக்கலாம். பிரதி ஒன்று பிரதேச செயலாளருக்கும் போகட்டும். ஒருவர் தனியே போகவேண்டாம். வீட்டில் அதற்கும் அடி விழக்கூடும்.

ஒன்றை மறக்கவேண்டாம். "குடிதான் அடிச்சது, நான் இல்லை" என்பது சாட்டு. குடித்தும் அடிக்காத ஆண்கள் எத்தனையோ பேர். அடித்தவரே அடிக்குப் பொறுப்பு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். ஆலோசனைக்கு 1938, அவசரத்துக்குப் பொலிஸ் 119.

கடிதத்தை எழுதித் தருகிறேன் என்றேன். அக்கா சற்று யோசித்தார்.

"எழுதுங்கோ. ஆனா என்ர பேர் முதலாவதா வேண்டாம். நடுவில போடுங்கோ."

நடுவில்தான் போட்டோம். முன்னும் பின்னும் பதினொரு பேர் நின்றார்கள்.