வளாகத்துக்குள் வண்டி நிறுத்தவும் வருணமா?

சென்ற வாரம் எங்கள் ஆய்வகத்து நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். வரும் கல்வியாண்டு முதல் வளாகத்துக்குள் நுழையும் ஒவ்வொரு வண்டிக்கும் பர்மிட் கட்டாயமாம். பேராசிரியர்கள், உயர் அலுவலர்களின் கார்களுக்குச் சிவப்பு ஸ்டிக்கர். கட்டணம் இல்லை, கட்டிடத்தை ஒட்டிய நிழலில் இடமும் உறுதி. நிரந்தரப் பணியாளர்களுக்கு நீலம், மாதம் 100 ரூபாய். ஆய்வு மாணவர்களுக்கு மஞ்சள், மாதம் 250 ரூபாய். இடம், பின்வாசலை ஒட்டிய பொட்டல். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நிறமே கிடையாது. அவர்களிடம் பல்கலைக்கழக அடையாள அட்டை இல்லையாம். ஆகவே வாசலில் நாளுக்குப் 10 ரூபாய் டோக்கன். மாதம் 26 நாள் வேலைக்கு வந்தால் 260 ரூபாய் ஆகிறது.

இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அதிகச் சம்பளம் வாங்குபவர் பூஜ்ஜியம் கட்டுகிறார். கீழே இறங்க இறங்கக் கட்டணம் ஏறுகிறது. கழிவறை கழுவுகிறவர்தான் எல்லோரையும்விட அதிகம் கட்டுகிறார். படிக்கட்டுகளே இல்லாத பல மாடிக் கட்டிடம் என்று அம்பேத்கரியர்கள் சாதியை விளக்குவதைக் கேட்டிருப்பீர்கள். எங்கள் நிர்வாகம் அந்தக் கட்டிடத்துக்கு ஒரு பார்க்கிங்கும் கட்டிக்கொடுத்திருக்கிறது.

பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கைடு இருக்கிறார், வைவா பாக்கி இருக்கிறது. தென்சென்னையில் இருக்கிறது என்பது போதும். நான் விம்கோ நகரிலிருந்து போகிறவன்.

எதற்கு வண்டி, ரயிலில் போகலாமே என்று கேட்பீர்கள். போய்க்கொண்டுதான் இருந்தேன். விம்கோ நகரில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்கு மாறினால் வளாகத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடலாம். 2023 ஆகஸ்டு கடைசியில், எழும்பூருக்கு நான்காவது பாதை போடுவதற்காக பீச் முதல் சிந்தாதிரிப்பேட்டை வரை பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். திறந்தபோது 2024 அக்டோபர் முடியப் போயிருந்தது. 14 மாதம்! வடசென்னையிலிருந்து தெற்கே வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள் இடையில் பஸ்ஸுக்கு மாறி, மறுபடி ரயிலுக்கு மாறி அலைந்தார்கள். மெட்ரோ இருக்கிறதே என்பார்கள். 2021 பிப்ரவரியில் எங்கள் ஊர் வரைக்கும் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் தினமும் மெட்ரோ டிக்கெட் எடுக்கிற கணக்கும் உதவித்தொகைக்குக் காத்திருக்கிற கணக்கும் ஒன்றாக வராது. அந்த 14 மாதத்தில்தான் அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்தேன். ரயில் திரும்பி வந்த பிறகும் அதை விட முடியவில்லை. காரணம் என் ஆராய்ச்சி.

எண்ணூர் கழிமுகத்துத் தண்ணீரிலும் சேற்றிலும் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் அந்த இடத்தில் விடியற்காலையில் மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, சூடேறுவதற்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். காலை எட்டு மணி ரயிலில் ஐஸ் பெட்டியோடு ஏறிப் பாருங்கள், தெரியும். எக்ஸ்எல்லின் கால் வைக்கும் பலகை அந்தப் பெட்டிக்கென்றே அளவெடுத்தது போல இருக்கிறது. சோதனை முடிய இரவு பதினொன்று ஆகும் நாட்களும் உண்டு. என் மூக்கில் மாட்டியிருக்கும் கண்ணாடியைப் போல அந்த வண்டியும் ஆய்வுக் கருவிதான். சுற்றறிக்கையோ ‘சுற்றுச்சூழல் நலன் கருதி’ என்று தொடங்குகிறது. சுற்றுச்சூழலைப் பற்றி எண்ணூர்க்காரனுக்குப் பாடம்!

வண்டியைப் பற்றியும் எங்களுக்குப் பாடம் தேவையில்லை. விம்கோ என்பதே ஒரு கம்பெனியின் பெயர். ஸ்வீடன்காரர்கள் 1923இல் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனி, அதன் பெயர்தான் ஊருக்கு. எம்.ஆர்.எஃப். 1946இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது திருவொற்றியூரில். அசோக் லேலண்டின் ஆலை எண்ணூரில். புல்லட் தயாரிக்க 1955இல் வந்த என்ஃபீல்டு இந்தியாவின் ஆலை எழுந்ததும் திருவொற்றியூரில்தான். பெட்ரோல் மணலியிலிருந்து போகிறது. வண்டி, டயர், எண்ணெய் மூன்றும் எங்கள் பக்கத்து ஆட்களின் கைபட்டுத்தான் நகரத்துக்குள் போகின்றன. என் அப்பா இந்தப் பட்டையில் இருபது வருடத்துக்கு மேல் ஒப்பந்தக் கூலியாக லோடு ஏற்றியவர். செகண்ட் ஹேண்டில் அவர் வாங்கிய ஒரே சொத்து அந்த எக்ஸ்எல்.

கைம்மாறாக எங்களுக்குக் கிடைத்தது என்ன என்றால், கண்டெய்னர் லாரி வரிசை. ஜீரோ கேட்டில் நெரிசல் என்றால் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் குடிசை, நடுவே லாரிக்கும் லாரிக்கும் இடையிலான சந்தில் எங்கள் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கூடம் போகும். சந்து போதாமல் சக்கரத்துக்கு அடியில் போனவர்கள் உண்டு. எங்கள் தெருவைத் துறைமுகம் இலவச பார்க்கிங்காக வைத்திருக்கிறது. பர்மிட் எங்கே, கட்டணம் எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. அதே ஊர்க்காரன் தெற்கே போய் ஒரு மொபெட்டை நிறுத்தினால் மட்டும் நிலத்துக்கு விலை வந்துவிடுகிறது.

இந்த இடத்தில் நிர்வாகத்தின் தரப்பில் இருக்கும் ஒரே நல்ல வாதத்தைச் சொல்லிவிட வேண்டும். அவர்கள் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் இருந்த டொனால்டு ஷூப் என்ற பேராசிரியர் 2005இல் பார்க்கிங் பற்றி மட்டுமே ஒரு தடித்த புத்தகம் எழுதினார். இலவச பார்க்கிங் என்று ஒன்று கிடையாது, அதன் செலவை யாரோ கட்டுகிறார்கள், பெரும்பாலும் வண்டியே இல்லாதவர்கள் கட்டுகிறார்கள் என்பது அவர் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது. பஸ்ஸில் வரும் மாணவிக்கு அந்த நிலத்தில் ஒரு சாணும் கிடைப்பதில்லை. நடந்து வருகிறவரின் பங்கும் சேர்ந்த பொது நிலத்தில்தான் கார் நிற்கிறது.

சரி, அந்த வாதத்தையே பிடித்துக்கொண்டு கணக்குப் போடுவோம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் ஒரு காருக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் கேட்கின்றன. இருசக்கர வண்டிக்கு ஒரு மீட்டருக்கு 1.8 மீட்டர். ஒரு கார் நிற்கும் இடத்தில் கிட்டத்தட்ட ஏழு வண்டி நிற்கும். ஷூப் சொல்வதைக் கேட்டால் முதலில் கட்டணம் விழ வேண்டியது யார் மீது? ஏழு பேரின் இடத்தை அடைத்துக்கொண்டு, அதுவும் வேப்பமர நிழலில், சும்மா நிற்கும் சிவப்பு ஸ்டிக்கர் மீது. இந்தச் சுற்றறிக்கை கட்டண பார்க்கிங்கையே கொண்டுவரவில்லை. இருக்கிற இலவசத்தை மேலே இருப்பவர்களுக்கு மட்டும் என்று பூட்டி, அந்தப் பூட்டுக்கான காசைக் கீழே இருப்பவர்களிடம் வசூலிக்கிறது.

ஒன்றை மட்டும் ரசித்தேன். எங்கள் துறையில் இடஒதுக்கீடு என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் ஒரு கூட்டம் உண்டு. தகுதி, திறமை என்று இழுப்பார்கள். அவர்களுடைய கார்களுக்கு இப்போது நூற்றுக்கு நூறு இடஒதுக்கீடு. வருமான வரம்பும் இல்லை, கிரீமிலேயரும் இல்லை. போட்டித் தேர்வு வைத்து, முதலில் வருகிறவருக்கு நிழல் என்று சொல்லிப் பார்க்கலாமா?

பெர்க்லியில்கூடத் தனி இடம் உண்டே என்று சீனியர் ஒருவர் சொன்னார். உண்டு. நோபல் பரிசு பெற்றவர்களுக்கு என்று பலகை வைத்த இடங்கள் அங்கே இருக்கின்றன, 1980இல் கவிஞர் செஸ்வாஃப் மிவோஷ் பரிசு பெற்றதிலிருந்து அந்தப் பழக்கம். எங்கள் போர்டிகோவில் நிற்கும் கார்களின் சொந்தக்காரர்கள் ஸ்டாக்ஹோமுக்குப் போய் வந்ததாக எனக்குத் தகவல் இல்லை.

சிரிப்பை விடுவோம். வண்டிக்கும் சாதிக்கும் இந்த நாட்டில் உள்ள தொடர்பு தெரியாதவர்கள்தான் ‘இது வெறும் பார்க்கிங் பிரச்சினை’ என்பார்கள். அம்பேத்கர் 9 வயதுச் சிறுவனாக, 1901இல், அண்ணனோடும் அக்காள் மகனோடும் அப்பாவைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரரும் ஏற்றவில்லை. கடைசியில் ஒருவர் சம்மதித்தார். இரட்டைக் கூலி, வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். கூலியும் இரண்டு மடங்கு, வேலையும் தங்களுடையதே. எங்கள் வாசலில் 10 ரூபாய் டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போய் அந்த வாசலையே கூட்டப்போகும் அக்காவை நினைத்துப் பார்க்கிறேன்.

ஊர்த் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகச் சொன்ன கிராமங்கள் தமிழ்நாட்டில் ஒன்றிரண்டல்ல. பழைய கதையா? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில், புல்லட்டில் கல்லூரி போய் வந்த தலித் மாணவர் ஒருவரின் கைகளை வெட்டினார்கள். நீ எப்படி எங்கள் முன்னால் புல்லட் ஓட்டலாம் என்று சாதியைச் சொல்லித் திட்டி வெட்டியதாகக் குடும்பம் புகார் கொடுத்தது, மூன்று பேர் கைதானார்கள். திருவொற்றியூரில் பிறந்த பெயர் கொண்ட வண்டி அது. ஸ்டிக்கரும் அரிவாளும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. யார் எதில் வரலாம், வந்தால் எங்கே நிற்கலாம் என்று ஒரு சிலர் தீர்மானிப்பது மட்டும் இரண்டிலும் ஒன்றுதான். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவையும் நான்கு தோழர்களையும் விடுதியிலிருந்து வெளியேற்றியபோது, வளாகத்தின் திறந்த வெளியில் கொட்டகை போட்டு ‘வெளிவாடா’ என்று பெயர் வைத்தார்களே, அது எதற்காக? சேரி என்பது ஊருக்கு வெளியே மட்டும் இல்லை என்று காட்டத்தான். எங்கள் பின்வாசல் பொட்டலுக்கும் மாணவர்கள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பணம் இல்லை என்று சொல்வார்கள். அது பொய்யில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை 2024 பிப்ரவரியில் வருமான வரித்துறை முடக்கியதை எல்லோரும் பார்த்தோம். மாநிலப் பல்கலைக்கழகங்கள் நிதியில்லாமல் திணறுகின்றன. கல்விக்கு தேசிய வருமானத்தில் 6 சதவீதம் என்று கோத்தாரி குழு 1966இல் சொன்னதை எந்த அரசும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் ‘உள்வருவாயைப் பெருக்கு’ என்று மேலிருந்து உத்தரவு வரும்போதெல்லாம் கை நீள்வது ஒரே திசையில்தான். தேர்வுக் கட்டணம், ஆய்வேடு சமர்ப்பிக்கும் கட்டணம், இப்போது தரைக் கட்டணம். முழுநேரமாக ஆராய்ச்சி செய்யும் பட்டியல் சாதி மாணவருக்குத் தமிழ்நாடு அரசு வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. நல்ல திட்டம், அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன். அதில் 3,000 ரூபாயை வண்டி நிறுத்த எடுத்துக்கொள்வது, இந்தத் துறை கொடுத்ததை அந்தத் துறை பிடுங்குவதன்றி வேறென்ன? ஊக்கத்தொகை மாதாமாதம் வருவதில்லை. ஸ்டிக்கர் மட்டும் மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும்.

என்னைவிட மோசமான நிலை ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு. எங்கள் மாடியைச் சுத்தம் செய்யும் அக்கா கண்ணகி நகரிலிருந்து வருகிறார். நகரத்துக்குள் ஆற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து அங்கே கொண்டுபோய் விட்டார்கள். காலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும், பஸ்ஸை நம்பினால் அரை நாள் சம்பளம் போகும். மகன் வண்டியில் கொண்டுவந்து விடுவான். சில நாட்களில் வண்டியை இங்கேயே விட்டுவிட்டு அவன் பக்கத்தில் வேலைக்குப் போவான். டோக்கன் விஷயத்தைச் சொன்னதும் அக்கா கேட்டது ஒரே கேள்விதான்: “உள்ள வர்றதுக்குக் காசா தம்பி, இல்ல வேலை பாக்குறதுக்கா?” பதில் என்னிடம் இல்லை. ஊரை விட்டு வெளியே தள்ளியதும் நாங்கள்தான், உள்ளே வர டோல் போடுவதும் நாங்கள்தான் என்று அந்தக் குழுவிலிருந்து யாராவது வந்து அவருக்கு விளக்கட்டும். குழுவில் ஆய்வு மாணவர் ஒருவர்கூட இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் இருப்பார் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால் உங்கள் வெள்ளை மனதுக்கு வணக்கம்.

நாங்கள் இலவசம் கேட்கவில்லை, வரிசையைத் திருப்பிப் போடு என்கிறோம். காருக்குச் சம்பளத்தைப் பொறுத்துக் கட்டணம் வை, துணைவேந்தரிலிருந்து தொடங்கு. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் ஆய்வு மாணவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் காசு வாங்காதே. வசூலில் ரயில் நிலையத்திலிருந்து வாசல் வரைக்கும் காலையிலும் இரவிலும் ஒரு வேன் விடு. அது ஒழுங்காக ஓடினால் மாதிரி எடுக்காத நாட்களில் என் எக்ஸ்எல் வீட்டிலேயே நிற்கும், சத்தியமாக. கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டு. முக்கியமாக, ஒப்பந்தத் தொழிலாளருக்கு அடையாள அட்டை கொடு. ஸ்டிக்கர் கொடுக்க அட்டை இல்லை என்கிறாயே, பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறவரிடம் அட்டை இல்லாதது யார் குற்றம்?

இதுவரை 140 கையெழுத்து வந்திருக்கிறது. நீல ஸ்டிக்கர்காரர்கள் சிலரும் போட்டிருக்கிறார்கள், சிவப்பில் இரண்டு பேர். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு நிர்வாகக் கட்டிடத்தின் முன்னால் கூடுகிறோம். வண்டியில் வருகிறவர்கள் பின்வாசலுக்குப் போய்ச் சுற்றி வர வேண்டாம். போர்டிகோவிலேயே நிறுத்துங்கள், வேப்பமரத்து நிழலும் அங்கேதான் இருக்கிறது.