கனத்த தகடு கைகொடுக்குமா?

பலம் என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனக்கண்ணில் என்ன தோன்றுகிறது? கனத்த இரும்புத் தூணா? தடித்த சங்கிலியா? பலம் என்றால் கனம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கும் ஊறிப் போயிருக்கிறது. பழைய மோட்டார் கார்களைப் புதுப்பிக்கிறவர்களில் பலர் இதே எண்ணத்தோடுதான் வெல்டிங் கருவியைக் கையில் எடுக்கிறார்கள். வண்டியின் அடிச்சட்டம் விரிசல் கண்டதா? மேலே ஒரு கனத்த தகட்டை வைத்துப் பற்றவை! இந்த வைத்தியம் தவறு என்பது என் கருத்து. ஆபத்தான தவறு என்றே சொல்வேன்.

ஒரு காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1976 வரை தயாரான 'ட்ரையம்ஃப் டி.ஆர்.6' என்ற திறந்த கூரை வண்டி அது. பழைய கார் பிரியர்கள் இன்றும் அதைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். அதன் உடல் தனி, அடிச்சட்டம் தனி. பட்டறையில் சேஸ் என்று சொல்வார்களே, அதுதான் அடிச்சட்டம். என்ஜின், சக்கரங்கள், இருக்கைகள் எல்லாவற்றின் பாரத்தையும் கடைசியில் சுமப்பது அதுவே. இரண்டு தகரப் பள்ளங்களை எதிரெதிரே கவிழ்த்து ஓரங்களைப் பற்றவைத்தால் ஒரு பெட்டிக் குழாய் கிடைக்கும் அல்லவா? சட்டத்தின் நீண்ட கைகள் அப்படிச் செய்யப்பட்டவையே.

இப்படி ஏன் பெட்டியாக மூட வேண்டும்? வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு தபால் அட்டையைக் குழாயாகச் சுருட்டி, ஓரத்தைப் பசையிட்டு நன்றாக ஒட்டுங்கள். உலர்ந்தபின் இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். எளிதில் அசைந்து கொடுக்காது. இப்போது பிளேடால் நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போட்டு, மறுபடி முறுக்குங்கள். துணியைப் போல் துவண்டுவிடும்!

இதற்குக் கணக்கும் உண்டு. குழாயின் ஆரத்தைத் தகட்டின் கனத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, மூன்றால் பெருக்குங்கள். மூடிய குழாய், பிளந்த குழாயைவிட எத்தனை மடங்கு முறுக்கை எதிர்க்கும் என்பது கிடைக்கும். ஆரம் 25 மி.மீ., கனம் 2 மி.மீ. என்றால் விடை சுமார் 470. ஒரு கிராம் இரும்புகூடக் குறையவில்லை. ஆனால் விறைப்பு 470-இல் ஒரு பங்காகிவிட்டது. பிளவை மூடாமல், தகட்டைத் தடிப்பாக்கி மட்டுமே இழந்ததை மீட்க வேண்டுமானால், 2 மி.மீ. தகடு ஏறத்தாழ 15 மி.மீ. ஆக வேண்டும்! பெட்டிக் குழாயின் தையலைத் துரு தின்றுவிட்ட காரில் நடப்பது இதுதான். அங்கே முதல் வேலை தையலை மூடுவது. மேலே இரும்பை அடுக்குவது அன்று.

சரி, விரிசல் எங்கே விடுகிறது? டி.ஆர்.6-இன் பின்பகுதியில், என்ஜினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் பெட்டி நான்கு இரும்பு முளைகளில் தொங்குகிறது. முன்பக்க வலது முளை அடிக்கடி பிய்ந்து போவது இந்த வண்டிக்காரர்கள் எல்லாரும் அறிந்த சங்கதி. ஏன் வலது? ஏன் முன்பக்கம்? நியூட்டனின் மூன்றாம் விதியைப் பாடத்தில் படித்திருக்கிறீர்களே, அதை இங்கே பொருத்திப் பாருங்கள். சக்கரங்கள் முன்னோக்கி உருட்டப்படும்போது பெட்டி பின்னோக்கி உருளப் பார்க்கிறது. அதாவது அதன் மூக்கு மேலே எழும்புகிறது. என்ஜினிலிருந்து வரும் நீண்ட தண்டு, முன்னாலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. அது பெட்டியையும் அதே திசையில் புரட்டப் பார்ப்பதால் வண்டியின் வலப்பக்கம் மேலே போகிறது. இரண்டு விசைகளும் ஒன்றுசேரும் இடம் முன் வலது முளை! அந்த முளையோ மெல்லிய தகட்டை மடித்துச் செய்த ஒரு பாலத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. கிளட்சை விடும்போதெல்லாம் தகடு சிறிது வளைந்து நிமிர்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பீர்களே, அந்தக் கதைதான். உலோகம் களைத்துப் போகிறது.

இப்போது கனத் தகட்டுக்காரர் வருகிறார். 2 மி.மீ. தகட்டின்மேல் 6 மி.மீ. தகட்டை வைத்து, சுற்றிலும் ஆழமாகப் பற்றவைக்கிறார். பார்க்கக் கோட்டை போலத்தான் இருக்கும். என்ன ஆகும் என்பதையும் நீங்களே செய்து பார்க்கலாம். நீண்ட காகித அட்டைப் பட்டை ஒன்றின் நடுவில் சதுரமான கெட்டி அட்டைத் துண்டை ஒட்டி, பட்டையை மேலும் கீழும் பலமுறை வளையுங்கள். ஒட்டின இடம் மடங்காது. ஆனால் ஒட்டின் விளிம்பில், குறுக்கே, ஒரு நேர்க்கோடாக மடிப்பு விழும். சில நிமிடங்களில் அங்கேயே கிழியும். விரிசலை நாம் ஒழிக்கவில்லை. அதன் வீட்டை மாற்றியிருக்கிறோம், அவ்வளவுதான். காரில் அந்த விளிம்பிலேயே வெல்டும் இருக்கிறது என்பது இன்னும் மோசம். வெல்டின் ஓரம் களைப்பு விரிசல் பிறப்பதற்கு மிகவும் பிடித்தமான இடம். உயர்ரகக் கடின எஃகைப் போட்டாலும் வெல்டின் ஓரத்தில் அந்த நன்மை ஏறக்குறைய மறைந்துவிடும்.

அதே அட்டைத் துண்டின் இரு முனைகளையும் மீன்வால் போல் வெட்டி ஒட்டிப் பாருங்கள். வளைவு ஒரே கோட்டில் குவியாமல் பரவும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கர்கள் கட்டிய 'லிபர்ட்டி' சரக்குக் கப்பல்களிலும் விரிசல்கள் பல, மேல்தளத் திறப்புகளின் சதுர மூலைகளில்தான் தொடங்கின. அவர்கள் செய்த திருத்தங்களில் ஒன்று, மூலைகளை உருண்டையாக்கியது.

வெப்பத்தின் வேலையும் இருக்கிறது. 6 மி.மீ. தகட்டை உருக்கப் போதுமான மின்னோட்டம் 2 மி.மீ. தகட்டைப் பொத்தலாக்கிவிடும். மெல்லிய தகட்டுக்கு ஏற்ற மின்னோட்டமோ, கனத்த தகட்டின்மேல் உருகிய உலோகத்தை மெழுகுபோல் படிய வைக்குமே தவிர ஒன்றாக இணைக்காது. பெயிண்ட் அடித்த பிறகு இந்தப் பொய் வெல்டை யார் கண்டுபிடிப்பார்? இதுதான் எனக்கு அச்சம் தருவது. உடைந்து கிடக்கும் வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள். கோட்டை போல் தெரியும் வண்டியில் குடும்பத்தோடு ஏறுவார்கள்.

எஃகு, ஒரு டிகிரி சூட்டுக்கு நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். குளிரும்போது சுருங்க விடாமல் இறுக்கிப் பிடித்தால், 100 டிகிரி இறக்கமே சாதாரண எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவுக்கு அதை இழுத்துவிடும். வெல்டோ 1,500 டிகிரியிலிருந்து குளிர்கிறது! எவ்வளவு அதிகமாகப் பற்றவைக்கிறோமோ அவ்வளவு சட்டம் கோணும். ஆகவே தேர்ந்த கைக்காரர் சட்டத்தைத் தாங்குசட்டத்தில் பிணைத்து, விரலளவு நீளம் இங்கே, விரலளவு அங்கே என மாறிமாறிப் போட்டு, இடையில் ஆறவிடுவார். டி.ஆர்.6 முளைக்கு அவர் செய்வதும் எளிமையானதே. பழைய தகட்டின் கனத்துக்கு ஏறக்குறைய ஒத்த தகட்டில் சிறு துண்டுகள் வெட்டி, திறந்து கிடக்கும் பாலத்தைப் பெட்டியாக மூடிவிடுவார். முளையின் இழுப்பு ஒரு தகட்டில் நில்லாமல் சுற்றிலும் பகிர்ந்து போகும்.

துருவுக்குத் தின்னக் கொடுக்கக் கனத் தகடு நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் பெட்டிச் சட்டத்தில் துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் தின்கிறது. நாம் வெளியே பற்றவைத்த சூட்டில் உள்பக்கப் பூச்சு கருகிப் போயிருக்கும். தகட்டைத் தடிப்பாக்குவதைவிட, துளை வழியே உள்ளே மெழுகு கலந்த எண்ணெயைப் பீச்சுவதும், அடியில் தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல் விடுவதும் மலிவு, பயனும் அதிகம். வேலை முடிந்தபின் அந்த இடத்தில் தார்போன்ற கெட்டிப் பூச்சைப் பூசக்கூடாது. வெளிர்நிறப் பெயிண்டை மெல்லியதாக அடித்து, ஆண்டுக்கு ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்து, கைவிளக்கோடு முளையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். புது விரிசல் விட்டிருந்தால், பெயிண்டில் மயிரிழை போல் ஒரு செந்நிறத் துருக்கோடு தெரியும்.