குறிப்பில் ஏறாத இரண்டு சொற்கள்

போலீஸ் என்றால் நம் கண்முன் வருவது காக்கி, லத்தி, ஜீப். 100-க்கு அடித்தால் எடுத்துப் பேசுகிறவரை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. "சொன்னதை வாங்கி அடுத்தவருக்குச் சொல்கிறார், அவ்வளவுதானே" என்கிறார்கள் என்னோடு காலையில் கடற்கரையில் நடக்கிற நண்பர்கள். அவ்வளவுதான் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்புகளில் குறிப்பு எழுதியே குடும்பம் நடத்தியவன் நான். குறிப்பு எழுதுகிறவன் கையில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லேண்ட் நகரில் 2014 நவம்பர் 22 அன்று நடந்ததைப் பாருங்கள். பூங்காவில் ஒருவன் துப்பாக்கியை எடுத்து ஆட்களை நோக்கி நீட்டுகிறான் என்று ஒருவர் 911-க்குப் பேசினார். பேசியவர் நிதானஸ்தர். அநேகமாகப் பொம்மைத் துப்பாக்கிதான் என்று ஒரு தடவைக்கு மேல் சொன்னார். அநேகமாகச் சின்னப் பையன் என்றும் சொன்னார். எடுத்துப் பேசியவரோ அவன் கறுப்பினத்தவனா வெள்ளையனா என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். பொம்மையும் பையனும் குறிப்பில் ஏறவில்லை. அங்கே தொலைபேசியில் கேட்டு எழுதுகிறவர் ஒருவர், அதைப் பார்த்து ரோந்துக் காருக்கு வயர்லெஸ்ஸில் சொல்கிறவர் இன்னொருவர். இரண்டாமவருக்கு வந்து சேர்ந்தது துப்பாக்கி மட்டுமே. அவசரத்திலும் அவசரம் என்று வண்டியை அனுப்பினார். கார் வந்து நின்ற இரண்டே விநாடியில் சுட்டுவிட்டார்கள். தமீர் ரைஸ் என்ற அந்தப் பிள்ளைக்கு வயது 12. மறுநாள் இறந்துபோனான்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'திக்தே' உண்டு. வாத்தியார் வாசிக்க வாசிக்க நாங்கள் எழுத வேண்டும். எழுத்துப் பிழைக்கு மட்டுமல்ல, விட்டுப்போன சொல்லுக்கும் மதிப்பெண் போகும். அவசரத்தில் கை விடுவது எப்போதும் 'அநேகமாக', 'போலும்' மாதிரிச் சொற்களைத்தான். அலுவலகத்திலும் அதே கதை. 'எனத் தெரியவருகிறது' என்று கீழே எழுதியதை மேலே ஒருவர் 'ஆகும்' என்று சுருக்கிவிட்டால், அதற்கும் மேலே போகும்போது சந்தேகம் சத்தியமாகிவிடும். ஆனால் கோப்பை விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பலாம். கிளம்பிவிட்ட காரை அப்படித் திருப்ப முடியுமா?

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. அமெரிக்க மத்திய அரசின் 2018 தொழில் வகைப்பாட்டுப் பட்டியலில் இந்த 911 ஊழியர்கள் அலுவலக உதவிப் பணியாளர் வரிசையில், தட்டச்சர்களோடு இருக்கிறார்கள். தப்பான இடத்தில் நிறுத்திய காருக்குச் சீட்டு எழுதுகிறவர் பாதுகாப்புப் பணி வரிசையில், போலீஸோடு! எழுத்தரோடு சேர்த்தது கேவலம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என் வீட்டிலேயே எனக்குச் சோறு கிடைக்காது. எழுத்தர் என்று பெயர் வைத்துவிட்டால் பயிற்சியையும் சம்பளத்தையும் அந்த அளவுக்கே வைப்பார்கள் என்பதுதான் என் வாதம்.

இன்னொரு கூட்டம், "பார்த்தீர்களா, தப்பெல்லாம் தொலைபேசிக்காரர் மேல்தான், போலீஸ்காரர் பாவம்" என்று கிளம்புகிறது. அதையும் ஏற்க மாட்டேன். கண்ணெதிரே நிற்பவன் சிறுவனா என்று பார்க்க இரண்டு விநாடி போதாது. அந்த இரண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்தது காரில் வந்தவர்கள். 2015 டிசம்பரில், அவர்கள் மேல் வழக்கே வேண்டாம் என்று முடிவாயிற்று. 2016-ல் நகர நிர்வாகம் குடும்பத்துக்கு 60 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. 2017-ல் சுட்டவரை வேலையை விட்டு நீக்கினார்கள். சுட்டதற்காக அல்ல, வேலை விண்ணப்பத்தில் உண்மையை மறைத்ததற்காக. அதே வருஷம், குறிப்பில் அந்தச் சொற்களை விட்டவருக்கு எட்டு நாள் தற்காலிகப் பணிநீக்கம். எட்டு நாள்! அலுவலகத்தில் கோப்பு தொலைந்தாலும் இதற்கு மேல் அலைய விடுவார்கள்.

இப்போது நமக்கும் 112 வந்துவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் உட்காருகிறவர் நிரப்பும் படிவத்தில் இடம், ஆள், ஆயுதம் என்ற கட்டங்களோடு, 'பேசியவருக்கு இதில் சந்தேகம் உண்டா' என்றும் ஒரு கட்டம் இருந்தாக வேண்டும். அதை நிரப்பாமல் வண்டிக்கு உத்தரவு போகக் கூடாது.