பரண் மேல் இருக்கும் கேசட்டை விற்கும் முன்...

போகி வந்தால் நம் எல்லோருக்குமே ஒரு வேகம் வந்துவிடும். பரணை ஒழித்தால்தான் மனசு ஆறும். போன வருஷம் அந்த வேகத்தில் நான் செய்த காரியத்தை வாசக சகோதரிகளிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

முத்தியால்பேட்டையில் என் அம்மா வீட்டுப் பரணில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வீடியோ கேசட் இருந்தது. முப்பதுக்கு மேல் இருக்கும். டெக் எப்போதோ ரிப்பேராகி காயலான் கடைக்குப் போய்விட்டது. என் சின்ன வயதில் தெருவில் யாராவது டெக் வாடகைக்கு எடுத்தால் விடிய விடிய மூன்று படம் ஓடும். பாய், தலையணையோடு போய் உட்காருவோம். இப்போது என் பெண்ணிடம் ஒரு கேசட்டைக் கொடுத்தால், "இது என்னம்மா, செங்கல் மாதிரி இருக்கு?" என்கிறாள்.

பழைய பேப்பர்காரர் வேண்டாம் என்றுவிட்டார். போகியில் போட்டு எரித்தால் பிளாஸ்டிக் புகை தெருவையே அடிக்கும். அப்போதுதான் என் கணவர், "காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல வாங்குறாங்களாம், இதுக்குன்னே சேர்த்து வைக்கிற ஆளுங்க இருக்காங்க" என்றார். அமெரிக்காவில் 2022-ம் வருஷம் 'பேக் டு தி ஃபியூச்சர்' படக் கேசட் ஒன்று 75,000 டாலருக்கு ஏலம் போன செய்தியையும் போனில் காட்டினார். அது 1986-ல் வந்த கேசட், உறைகூடப் பிரிக்காதது, அந்தப் படத்தில் நடித்தவரே வைத்திருந்தது. எங்கள் வீட்டு கேசட்டிலோ பல்லி முட்டையிட்டிருந்தது!

மார்க்கெட்டில் அந்தக் கடைக்காரர் அச்சடித்த அட்டை போட்ட சினிமா கேசட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பேனாவால் பெயர் எழுதியவற்றைத் திரும்பியே பார்க்கவில்லை. "அதையும் வெச்சுட்டுப் போங்கக்கா, பெட்டியோட 500 ரூபா தரேன்" என்றார். எனக்கும் பாரம் விட்டால் போதும் என்றிருந்தது. அந்தப் பணத்தில் அங்கேயே இரண்டு நைட்டியும் பெண்ணுக்கு ஒரு பேன்ட்டும் வாங்கிக்கொண்டு பெருமையாக வீட்டுக்கு வந்தேன்.

அம்மா முதலில் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டார். "கையால எழுதின கேசட்டெல்லாம் எங்கடி?" விற்றதைச் சொன்னேன். "அதுல எங்கம்மா இருக்காங்கடி" என்றார். அவ்வளவுதான், எழுந்து உள்ளே போய்விட்டார்.

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 1954-ல் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்து, 1962-ல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்ட குடும்பங்கள் இங்கே நிறைய. அப்படி ஒரு வீட்டில்தான் என் சித்தியைக் கொடுத்தார்கள். 1991-ல் சித்தியின் பிரசவத்துக்காக எங்கள் ஆயா பாரிஸ் போனார். சித்தப்பா அங்கே கேமராவில் எடுத்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் கேசட்டைக் கொடுத்தனுப்பினார். எங்கள் டெக்கில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த வழியில் கெட்டுப்போச்சு என்று அப்பா அதன் மேல் 'ரிப்பேர்' என்று எழுதிப் பரணில் போட்டுவிட்டார். 1994-ல் ஆயா போய்விட்டார். எனக்கு அப்போது ஆறு வயது. வெற்றிலை வாசனையைத் தவிர ஒன்றும் ஞாபகமில்லை.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் மார்க்கெட்டுக்கு ஓடினேன். சினிமா கேசட்டை பெங்களூரிலிருந்து வந்த ஒரு பையன் மொத்தமாக வாங்கிப் போயிருந்தான். வீட்டு கேசட்டில் பாதியை பாகூர் பக்கத்து விவசாயி ஒருவர் கொண்டுபோய்விட்டாராம். நெல் முற்றும் நேரம், உள்ளே இருக்கும் நாடாவை உருவி வயலில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் வெயிலில் மினுமினுக்கும், காற்றில் உய்யென்று சத்தம் வரும், குருவி வராது. அதில் என் அப்பா அம்மாவின் 1986 கல்யாண கேசட்டும் போய்விட்டது. மீதி ஒரு சாக்கில் கிடந்தது. கொட்டிப் பார்த்தால், 'ரிப்பேர்' அதில் இருந்தது. கடைக்காரர் பாவம், காசு வாங்க மறுத்துவிட்டார்.

அதை ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி டார்ச் அடித்து, கேசட்டின் சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே காட்டினார். நாடாச் சுருளின் மேல் அரிசிமாவு தூவினது மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. பூஞ்சணமாம். நம் கடற்கரை ஈரத்துக்கு அது சீக்கிரம் வருமாம். அப்படியே டெக்கில் போட்டால் நாடா அறுந்துவிடும், டெக்கின் ஹெட்டும் பாழாகும் என்றார். அவர் சுத்தம் செய்து ஓட்டினார். அதே கறுப்பு வெள்ளைதான். ஆனால் பார்த்ததும் சொல்லிவிட்டார்: "இது ரிப்பேர் இல்லக்கா. நம்ம ஊர் டி.வி. பால் முறை. பிரான்ஸ்ல செகாம். கலரைப் பதியுற விதம் வேற. நம்ம டெக்குக்கு அந்தக் கலரைப் படிக்கத் தெரியாது. ஆனா கலர் நாடாவுலதான் இருக்கு." (பால் என்றதும் எனக்கு பான்லே பாக்கெட்தான் ஞாபகம் வந்தது.)

பிறகு சித்தியின் உறவுக்காரர் ஒருவர் பிரான்சிலிருந்து வரும்போது கொண்டுவந்து பத்திரமாக வைத்திருந்த டெக்கை இரவல் வாங்கினோம். அது ஓட ஆரம்பித்ததும் ஆயா ஒரு ஜன்னல் பக்கத்தில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு எண்ணெய் தேய்க்கிறார். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் புடவை, மேலே சித்தப்பாவின் ஸ்வெட்டர். "என்னை எதுக்குடா எடுக்குற, புள்ளைய எடு" என்று அதட்டுகிறார். அம்மா டி.வி.யைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முப்பது வருஷமாக அந்தக் குரல் எங்கள் பரணிலேயே இருந்திருக்கிறது.

பழைய கேசட்டை விற்பதோ, அதைச் சேர்த்து வைப்பதோ தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெங்களூர் பையனைப் போன்றவர்களால்தான் நாலு டெக்காவது இன்னும் உயிரோடு இருக்கிறது. கடைசி வரை டெக் செய்து வந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி இருப்பதைப் பழுது பார்த்து ஓட்டினால்தான் உண்டு. ஆகவே காப்பி எடுக்க நினைப்பவர்கள் அடுத்த போகி வரை தள்ளிப்போட வேண்டாம்.

எனக்கு உறுத்துவது வேறு. சினிமா கேசட் கடையில் வாங்கியது, விற்கலாம். கல்யாண கேசட்டை விற்க எனக்கு என்ன உரிமை? நலங்கு வைத்ததும், பெண் அழைப்பில் அழுததும், அடுப்படியில் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தைகளும் அதில் இருக்கிறார்கள். அதை முன்பின் தெரியாத ஒருவர் வாங்கிப் போட்டுப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கையால் பெயர் எழுதிய கேசட்டைப் பார்த்தால், "வீட்டுல பெரியவங்களைக் கேட்டீங்களா?" என்று விற்பனைக்காரர்களும் ஒரு வார்த்தை கேட்கலாம். நானும் அம்மாவைக் கேட்டிருக்கலாம். கேட்க அரை நிமிஷம் ஆகியிருக்காது. வீட்டை ஒழிப்பது நம் வேலை என்பதால், எது குப்பை என்று முடிவு செய்வதும் நம் தலையிலேயே விழுகிறது. அதில் நான் அவசரப்பட்டுவிட்டேன்.

வெளிநாட்டு உறவு அனுப்பிய கேசட் கறுப்பு வெள்ளையாக ஓடினால் தூக்கிப் போடாதீர்கள். காப்பி எடுத்த பிறகும் அதைப் புத்தகம் மாதிரி நிற்க வைத்து, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.

அம்மாவின் கல்யாண கேசட் மட்டும் கிடைக்கவே இல்லை. பாகூர் பக்கம் பஸ்ஸில் போனால், வயலில் மினுமினுக்கும் நாடா எங்கேயாவது தெரிகிறதா என்று என் கண் தானாகப் போகிறது.

- ஒரு இல்லத்தரசி, புதுச்சேரி.