மண்வெட்டி பிடித்த கைக்கே மண் காக்கும் பயிற்சி வேண்டும்!

சிவகாசி தாலுகா எம். புதுப்பட்டி வட்டாரத்துக்கு வறட்சி புதிதல்ல. ஆனால், "வானம் பொய்த்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும்?" என்று உத்தியோகஸ்தர்கள் கையை விரிக்கும்போது நாம் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. விருதுநகர் ஜில்லாவில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்கிறது. அதாவது சுமார் 32 அங்குலம். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் அது ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் தண்ணீர். ஆகவே ஒரு சாதாரண வருஷத்தில் ஒவ்வோர் ஏக்கரின் தலையிலும் 32 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. இதில் நிலத்தில் தங்குவது எவ்வளவு? பெருமழையில் பெரும் பங்கு மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடைக்கு ஓடுகிறது. ஓடையிலிருந்து அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் போய்க் கடலில் கலக்கிறது. வழியில் உள்ள கண்மாய்களில் தங்குவது தண்ணீரைவிட வண்டலும் சீமைக்கருவேலமும்தான்.

ஓடும் தண்ணீரை நடக்க வைப்பதற்கும், நடக்கும் தண்ணீரை நிற்க வைப்பதற்கும் ஒரு வித்தை இருக்கிறது. மண், நீர்ப் பாதுகாப்பு என்று அதற்குப் பெயர். அந்த வித்தை இன்று யார் கையில் இருக்கிறது, யார் கைக்குப் போகவேண்டும் என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறோம்.

இது ஏதோ பெரிய படிப்பாளிகளின் விவகாரம் என்று தோழர்கள் ஒதுக்கிவிடக் கூடாது. ஓர் உதாரணம் பாருங்கள். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் மண் வரப்புப் போடுவதைச் சம உயர வரப்பு என்கிறார்கள். மழை குறைந்த செவல் நிலத்தில் இது நல்ல பலன் தரும். அதே வரப்பை ஆழமான கரிசலில் கொண்டுபோய்ப் போட்டால் என்ன ஆகும்? கோடையில் கரிசல் வெடிப்பு விடும். வரப்பும் சேர்ந்து வெடிக்கும். முதல் பெருமழையிலேயே தண்ணீர் அந்த வெடிப்பில் புகுந்து வரப்பை அறுத்துவிடும். அறுக்காத இடத்தில் தண்ணீர் தேங்கிப் பயிர் அழுகும். கரிசலுக்கு வேண்டியது, உபரித் தண்ணீர் மெதுவாக வடிந்துபோகும்படி லேசான வாட்டத்தோடு போட்ட வரப்பும், நிலத்துக்குள்ளே சிறு சிறு பாத்திகளாகப் பிரிக்கும் வரப்புகளும்தான். கரிசலும் செவலும் அடுத்தடுத்துக் கிடக்கும் நம் ஜில்லாவில் எல்லா ஊருக்கும் ஒரே வரைபடத்தை நீட்டினால், சர்க்கார் பணமும் தொழிலாளியின் வியர்வையும் ஒரே மழையில் கரைந்துபோகும். பயிற்சி இல்லாத வேலைக்குக் கிடைக்கும் பலன் அதுதான்.

நம் நாட்டில் பயிற்சி ஸ்தாபனங்களுக்குப் பஞ்சம் இல்லை. சென்னை மாகாணத்தில் 1949-லேயே சம உயர வரப்பு வேலைகளுக்கென்று சட்டம் வந்தது. மத்திய மண் பாதுகாப்பு போர்டு 1953-ல் அமைந்தது. 1954-ல் ஊட்டியிலும் பெல்லாரியிலும் ஆராய்ச்சி, பயிற்சி நிலையங்கள் திறக்கப்பட்டன. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய ஸ்தாபனம் 1974-ல் உருவாகி, 2014 முதல் இந்திய மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு நிறுவனம் என்ற பெயரில் நடக்கிறது. பல மாநிலங்களின் அதிகாரிகள் அங்கே மாதக்கணக்கில் தங்கிப் பயின்று திரும்புகிறார்கள். திருச்சி துவாக்குடியில் நீர்ப்பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம் 1984 முதல் இருக்கிறது. தொலைவுக்குப் போவானேன்? கரிசல் நிலத்துக்கென்றே கோவில்பட்டியில் 1901-ல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் நமக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. அருப்புக்கோட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விஞ்ஞானிகள் அரும்பாடுபட்டுக் கண்டறிந்த உண்மைகள் அங்கே இருக்கின்றன. அவர்கள் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் டேராடூனில் ஏறிய அறிவு எம். புதுப்பட்டியின் கண்மாய்க் கரைக்கு இறங்கி வருவதில்லையே, அது ஏன்?

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்காக 2008-ல் மத்திய சர்க்கார் வெளியிட்ட பொது நெறிமுறைகளில், திட்டச் செலவின் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 5 ரூபாய் பயிற்சிக்கும் ஸ்தாபனங்களைக் கட்டுவதற்கும் என்று தனியே ஒதுக்கப்பட்டது. அன்று சமவெளியில் ஹெக்டேருக்கு 12,000 ரூபாய் என்று விகிதம் வைத்தார்கள். அந்தக் கணக்கில் 5,000 ஹெக்டேர் திட்டம் ஒன்றின் செலவு 6 கோடி ரூபாய். அதில் பயிற்சிக்கு மட்டும் 30 லட்சம் ரூபாய். இந்தப் பணத்தில் எத்தனை கூலித் தொழிலாளிக்கு மட்டம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள்? எத்தனை பெண்களுக்கு எஸ்டிமேட் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்? ஓட்டல் மண்டபத்தில் ஒரு நாள் கூட்டம், ஒரு பை, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு குரூப் போட்டோ என்று முடிந்தால் அதன் பெயர் பயிற்சி அல்ல, கண்துடைப்பு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். களத்தில் நிற்கும் ஊழியர்களில் பலர் திட்டம் முடிகிறவரை மட்டுமே வேலை என்ற ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். ஓர் இளைஞர் கஷ்டப்பட்டு ஊரையும் ஓடையையும் கற்றுத் தேர்வதற்குள் திட்டம் முடிகிறது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த திட்டத்துக்கு இன்னொருவர் முதலிலிருந்து தொடங்குகிறார். நிரந்தர வேலை இல்லாத இடத்தில் அறிவும் நிரந்தரமாகத் தங்காது. இந்த ஊழியர்கள் நமக்கு எதிரிகள் அல்லர். அவர்களும் சுரண்டப்படும் உழைப்பாளிகளே.

இப்போது விவசாயத் தொழிலாளிக்கு வருவோம். "வரப்பும் குளமும் நிலமுள்ளவனுக்கு, எனக்கு ஒரு சென்ட் நிலமும் இல்லையே, எனக்கென்ன?" என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கு நம் பதில் இதுதான்: இந்த அறிவு உம்முடைய கூலியைக் காக்கும் அறிவு.

எப்படி? நூறு நாள் வேலை என்று ஜனங்கள் பெயரிட்ட திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26-ல் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். ஆனால் மண் வேலையில் கூலி அளவைப் பொறுத்தது. வெட்டிய மண் கணக்கில் குறைந்தால் கூலியும் குறையும். 10 அடி நீளம், 10 அடி அகலம், 1 அடி ஆழம் வெட்டினால் 100 கன அடி. இதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. மண் இளக்கமா, இறுக்கமா? வெட்டிய மண்ணை எவ்வளவு தூரம் சுமந்தார்கள்? எவ்வளவு உயரம் ஏற்றினார்கள்? ஒவ்வொன்றுக்கும் தனி விகிதம் உண்டு. ஓவர்சியரின் அளவுப் புத்தகத்தில் இவை சரியாக ஏறினவா என்பதை, வெட்டிய பெண் படித்துப் பார்த்துக் கேட்க முடிகிறதா? தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். அளக்கத் தெரியாதவரின் உழைப்பை அளக்கிறவன் விழுங்குவது சுலபம். அளக்கத் தெரிந்துகொண்டால் எந்தக் கொம்பனாலும் ஏய்க்க முடியாது.

உழைப்பாளிக்கு இந்த நுட்பமெல்லாம் தலையில் ஏறாது என்று சில கனவான்கள் சொல்லக்கூடும். தென் ஜில்லாக்களின் கண்மாய்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தது யார்? மடைக்குடும்பனும் நீர்பாய்ச்சியும்தானே! எந்த மடையை எந்த நேரத்தில் திறப்பது, கரையில் எந்த இடம் கசியும், எந்தப் பக்கம் கலுங்கு பாயும் என்பதையெல்லாம் கைரேகைபோல் அறிந்திருந்தவர்கள் அவர்கள். தண்ணீருக்கு உள்ளே இறங்கி மடை திறந்த அந்த மனிதனுக்குத் தண்ணீரில் பாத்தியதை தரவில்லை, நிலத்தில் பங்கு தரவில்லை, ஊருக்குள் சம அந்தஸ்தும் தரவில்லை. அவன் அறிவை வாங்கிக்கொண்டு அவனைச் சேரியில் நிறுத்தியது ஜாதி. இன்று அவன் பேரனிடம் "உனக்குத் தகுதி இல்லை" என்று சொல்வது அந்தப் பழைய அநியாயத்தின் புதிய வேஷம்.

இதைக் கற்பதற்குப் பெரிய கருவிகளும் வேண்டாம். ஒரே நீளமுள்ள இரண்டு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டுங்கள். நடுவில் ஒரு குறுக்குக் கம்பு. உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைத் தொங்கவிடுங்கள். கயிறு குறுக்குக் கம்பின் நடுக்குறியில் வந்து நின்றால் இரண்டு கால்களும் ஒரே மட்டம். இதை எடுத்துக்கொண்டு காட்டில் அடிமேல் அடியாக நடந்தால் சம உயரக் கோடு கிடைத்துவிடும். ஒரே நாளில் கற்கலாம். கொத்தனார் ட்யூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்ப்பதும் இதே விஞ்ஞானம்தான்.

சர்க்காரும் இது முடியும் என்று முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களிலிருந்தே பத்தாம் வகுப்பு படித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, 90 நாள் பயிற்சி கொடுத்து, வேலைத்தளத்தில் அளவும் மட்டமும் பார்க்க வைக்கும் 'வெறுங்கால் டெக்னீஷியன்' திட்டத்தை மத்திய கிராம அபிவிருத்தி இலாகாவே கொண்டுவந்தது. நல்ல யோசனை. அதை ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் கொண்டுசென்று, பயின்றவருக்கு நிலையான வேலையும் தந்திருந்தால் அல்லவா அது திட்டம்! கேரளத்தைப் பாருங்கள். 1996-ல் இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, திட்டப் பணத்தில் 100-க்கு 35 முதல் 40 வரை ஸ்தல ஸ்தாபனங்களிடம் கொடுத்தது. அதோடு நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்களுக்குத் திட்டமிடப் பயிற்சியும் கொடுத்தது. பணமும் பயிற்சியும் சேர்ந்து போனால்தான் அதிகாரம் கிராமத்துக்குப் போகும்.

டில்லி சர்க்கார் போகும் திசையோ வேறு. 2005-ல் இடதுசாரிகளின் நிர்ப்பந்தத்தோடு வந்த வேலை உறுதிச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2025 டிசம்பரில் வேறொரு சட்டத்தைப் பாராளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். 125 நாள் என்று மேலே எழுதினார்கள். கீழே, கூலிச் செலவில் 100-க்கு 40 பங்கை நம்முடையது போன்ற மாநிலங்களின் தலையில் கட்டினார்கள். விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள்வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்தார்கள். நிலச்சுவான்தாருக்கு மலிவாக ஆள் கிடைக்க இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இதே சட்டம் நீர்ப் பாதுகாப்பு வேலைகளுக்கு முதலிடம் என்றும் சொல்கிறது. சரி, அந்த வேலைகளைச் செய்யப்போகிறவர்களுக்குப் பயிற்சி எங்கே?

எம். புதுப்பட்டிச் சுற்றுவட்டாரத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை. மானாவாரிக் காடு சோறு போடாத குடும்பம் பட்டாசு ஷெட்டுக்குப் போகிறது. 2023 அக்டோபர் 17-ல் ரெங்கபாளையத்திலும் கிச்சநாயக்கன்பட்டியிலும் ஒரே நாளில் நடந்த வெடிவிபத்துகளில் 14 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்கள். பட்டாசுத் தொழிலில் பாதுகாப்புக்கும் நியாயக் கூலிக்கும் நாம் தொடர்ந்து போராடுவோம். அதே சமயம், மருந்தைத் தொட்டால்தான் அடுப்பு எரியும் என்ற நிர்ப்பந்தம் ஒழியவேண்டுமானால், மண்ணில் மரியாதையான வேலை இருக்கவேண்டும்.

பஞ்சாலைத் தோழர்கள் நமக்கு ஓர் எச்சரிக்கை தருவார்கள். பயிற்சி என்ற சொல்லை முதலாளி எப்படிப் பயன்படுத்துவான் என்பது அவர்களுக்கு அத்துபடி. அப்ரண்டிஸ் என்று பெயர் வைத்து, முழு ஷிப்டு வேலை வாங்கி, அரைக் கூலி கொடுப்பதை அவர்கள் பார்த்தவர்கள். கல்யாணத்துக்குப் பணம் சேர்த்துத் தருவதாக ஆசைகாட்டி இளம் பெண்களை ஆலைக்குள் அடைத்த சுமங்கலித் திட்டத்தையும் பார்த்தவர்கள். ஆகவே பயிற்சி வேண்டும் என்று கேட்கும்போதே, பயிற்சி நாளுக்கு முழுக் கூலி என்றும் சேர்த்துக் கேட்கிறோம்.

நம் கோரிக்கைகள் இவை:

1. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் கூலித் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து, பாதிக்குக் குறையாமல் பெண்களாகவும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு உரிய பங்கோடும் தேர்ந்தெடுத்து, மண், நீர்ப் பாதுகாப்புப் பயிற்சி தரவேண்டும். பயிற்சி நாட்களுக்கு முழு நாள் கூலி தரவேண்டும்.

2. பயிற்சி தமிழில், காட்டிலும் கண்மாய்க் கரையிலும் நடக்கவேண்டும். கோவில்பட்டி, அருப்புக்கோட்டை நிலையங்களின் விஞ்ஞானிகள் ஊருக்கு வரவேண்டும்.

3. பயின்றவருக்குச் சர்ட்டிபிகேட்டோடு நிறுத்தாமல், பஞ்சாயத்தில் நிலையான வேலை தரவேண்டும். ஒப்பந்தக் கள ஊழியர்களை நிரந்தரமாக்கி, அவர்களுக்கும் தொடர் பயிற்சி தரவேண்டும்.

4. எஸ்டிமேட், அளவு, கூலிக் கணக்கு ஆகியவற்றைத் தமிழில் எழுதி வேலைத்தளத்திலேயே பலகையில் வைக்கவேண்டும்.

5. பயிற்சிக்கென்று ஒதுக்கிய பணத்தின் வரவு செலவைக் கிராம சபையில் படிக்கவேண்டும்.

கடைசிக் கோரிக்கையை நிறைவேற்றிக்கொள்ள நாம் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. மார்ச் 22 உலக தண்ணீர் தினம், மே 1 நம் மே தினம். இரண்டு நாளும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர்கள் தெருத் தெருவாகப் போய் ஜனங்களைத் திரட்டுங்கள். ஆலைத் தோழர்கள் அன்று ஊரில் இருந்தால் உடன் நில்லுங்கள். எழுத்துத் தெரிந்தவர் தீர்மானத்தை எழுதுங்கள், எல்லாரும் கையெழுத்திடுங்கள். "எங்கள் பஞ்சாயத்தில் மண் வேலைக்கு வந்த பணம் எவ்வளவு? பயிற்சிக்கு எவ்வளவு? யாருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள்?" என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதில் வரும்வரை தீர்மானப் புத்தகத்தை மூடவிடாதீர்கள்.

மண்ணை வெட்டுகிறவர் நாம். வரப்பை உயர்த்துகிறவர் நாம். அளவுகோலும் நம் கைக்கு வந்தே தீரவேண்டும்.