ஆண்டிறுதியும் அயல்வீட்டுத் தட்டும்

நத்தார் பண்டிகைக்கும் புத்தாண்டுப் பிறப்புக்கும் இடையே ஆறு நாட்கள் உள்ளன. இல்லத்தரசிகளுக்கு இவை கணக்குப் பார்க்கும் நாட்கள். பலகார மாவுக்கு எவ்வளவு சென்றது, பிள்ளைகளின் உடுப்புக்கு எவ்வளவு சென்றது, சீட்டுப் பணத்தில் என்ன மிஞ்சிற்று என்று பழைய கொப்பியின் கடைசி ஏடுகளை நாம் புரட்டிப் பார்க்கின்றோம். டிசெம்பர் 31ஆம் நாள் இரவு நள்ளிரவு வழிபாட்டுக்காக ஆலயத்துக்குச் செல்லும்பொழுது, கொப்பியில் எழுதாத கணக்குகளும் மனத்தில் எழுகின்றன. யாருக்கு என்ன பட்டோம், எதைக் கொடுத்தோம், எதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டோம் என்பவை அவை. இவ்வாரம் நேயர்கள் முன் நாம் வைப்பது அத்தகையதொரு கணக்கு. அதில் பணம் ஏதும் இல்லை. ஒரு பீங்கான் தட்டு மட்டுமே உண்டு.

எம் ஊர் கல்முனை. வடக்கே பாண்டிருப்பு, மருதமுனை; தெற்கே கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊரோடு ஊர் வேலி தொட்டு நிற்கும் கடற்கரை இது. இக்கரையில் முஸ்லிம்களே பெருந்தொகையினர். அவர்களை அடுத்து இந்துக்கள். எம் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்கள் சிறு தொகையே. பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் தீமிதிப்பு, கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் நினைவுக் கொடியேற்றம், எம் ஆலயத்தில் நத்தார் மணி என்று ஆண்டு முழுவதும் விழாக்கள் மாறிமாறி வரும். 1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தர் இளமையில் ஆங்கிலக் கல்வி கற்றது கல்முனை மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலேதான் என்பதை மாணவச் செல்வங்கள் அறிந்திருக்கக்கூடும்.

இக்கரைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானதொரு வழக்கமும் உண்டு. இங்கே குடிவழி தாயைப் பற்றியே செல்கின்றது. வீடு மகளுக்குச் சீதனமாகும். மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழ்வார். ஆதலின் ஒரு தாய் தன் வீட்டுக்கு ஓடு மாற்றும்போதும், கிணற்றடிக்குச் சீமெந்து போடும்போதும், தன் மகளின் வீட்டைச் செப்பனிடுவதாகவே எண்ணிக்கொள்வாள். எமது வீடும் எம் தாயாரிடமிருந்து எமக்கு வந்தது. அவ்வீட்டோடு சேர்ந்து வந்தவர்தான் அடுத்த வளவில் வாழும் முஸ்லிம் சகோதரி. எம்மிலும் பத்து வயது மூத்தவர். மூத்த சகோதரியை இப்பகுதி முஸ்லிம்கள் அழைக்கும் முறைப்படி நாமும் அவரை ‘ராத்தா’ என்றே அழைக்கின்றோம்.

நத்தார் நாளன்று வேலிக்கு அப்பால் ஒரு தட்டுப் போகும். அதற்காகவே எம் தாயார் காலம் முதல் எமது வீட்டுக் கேக்கில் மதுவகை எதுவும் சேர்ப்பதில்லை. நோன்புப் பெருநாளன்று அப்பாலிருந்து வட்டிலப்பம் வரும். எவரும் தட்டை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதில்லை. பழமோ, முட்டையோ, ஒரு பிடி சீனியோ அதில் இருக்கும். இதனால் இரு வீட்டுத் தட்டுகளும் எப்பொழுதும் வழியிலேயே இருந்தன என்று சொன்னால் மிகையாகாது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள், நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று பூரணை விடுமுறையுங்கூட. எம் கணவர் ஆலயத்துக்கு முன்கூட்டியே சென்றுவிட்டார். இரண்டு வயதான எம் மகள், முதல்நாள் அனுப்பிய கேக்கின் ருசியைத் தேடி ராத்தா வீட்டு முற்றத்துக்குப் போய்விட்டாள். நாம் கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தோம். சுமாத்திராவின் அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதை அறிவிக்க எவரும் இருக்கவில்லை. அக்காலத்தில் இந்து சமுத்திரத்துக்கென ஓர் ஆழிப்பேரலை எச்சரிக்கை ஏற்பாடு இருந்ததில்லை. கடல் தெருவுக்குள் வந்தபொழுது, ஓடிய மக்களோடு நாமும் அள்ளுண்டு, யாரோ கைகொடுக்க ஒரு மாடி வீட்டின் படியில் ஏறினோம். மகள் எங்கே என்று தெரியவில்லை.

அடுத்த மூன்று மணி நேரத்தை எழுத எமக்கு இன்றும் இயலாது. பிரதான வீதிக்கு மேற்கே ஒரு பள்ளிக்கூடத்தில், ராத்தாவின் மடியில் மகள் உறங்கிக்கொண்டிருக்கக் கண்டோம். ராத்தாவின் வயது முதிர்ந்த தாயார் அங்கே இல்லை. “எனக்குக் கால் ஏலா, புள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடு” என்று அவரே சொன்னாராம். அவ்வம்மையாரின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று மாண்டனர். மாவட்டங்களுள் மிகுந்த உயிரிழப்பு எமது அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது. அத்தொகை பத்தாயிரத்தையும் தாண்டிற்று. வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று விதித்த தடை பின்னர் தளர்ந்தபொழுது, இரு குடும்பங்களும் பழைய வளவுகளிலேயே அருகருகே வீடு கட்டிக்கொண்டோம்.

இனி, எம் பிழைக்கு வருகின்றோம்.

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறு. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களிலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எமக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்தில் மாண்டவர்களுள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் இருந்தனர். ஐந்து நாட்கள் கழித்து, 26ஆம் நாள் இரவு, எமது அயலூரான சாய்ந்தமருதில் ஒரு வீடு வெடித்தது. அதனுள் இருந்த குழந்தைகளும் மாண்டனர். அவ்வீட்டில் புதிதாக வந்து தங்கியோர்மீது ஐயுற்றுத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம் மக்களே என்பது பின்னர் வெளியாயிற்று. ஆயினும் அச்சம் கொண்ட மனம் செய்தியை முழுவதும் படிப்பதில்லை.

எம் மனமும் அவ்வாறே இருந்தது. வேலியிலிருந்த சிறு படலையைக் கயிறிட்டுக் கட்டினோம். நோன்பு மாதம் வந்தது; ஜூன் மாதத்தில் பெருநாளும் வந்தது. நாம் வாழ்த்துச் சொல்லப் போகவில்லை. வட்டிலப்பமும் வரவில்லை. அதே ஜூன் மாதத்தில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகம் தொடர்பான உண்ணாவிரதமும், அதற்கு எதிரான கிளர்ச்சியும் சேர்ந்துகொள்ள, தெருவில் சிரித்துப் பேசுவதும் அரிதாயிற்று. ராத்தாவைச் சந்தையில் கண்டால் நாம் பார்வையைத் தாழ்த்திக்கொள்வோம். எம்மை எவரும் அவ்வாறு செய்யச் சொல்லவில்லை. நாமாகவே செய்தோம்.

அவ்வாண்டு நத்தாருக்கு இரண்டு நாட்கள் முன்னதாக, அலுமாரியின் மேல்தட்டிலிருந்து பாத்திரங்களை இறக்கினோம். அப்பொழுது ஒன்பது வயதாயிருந்த எம் மகன் நீலக் கரையிட்ட ஒரு பீங்கான் தட்டை எடுத்தான்.

“அம்மா, இது நம்முடைய தட்டு இல்லையே? யாருடையது?”

அது ராத்தாவின் தட்டு. ஏப்ரல் மாத நடுவில், அந்த ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்பு, மாம்பழத்தோடு வந்தது. “திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டோம்” என்று அவனுக்குச் சொன்னோம்.

“எட்டு மாதமாகவா?” என்று அவன் கேட்டான்.

அருகில் நின்ற எம் மகளுக்கு அப்பொழுது பதினேழு வயது. தன்னை இடுப்பில் வைத்து ஓடியவர் யார் என்பது அவளுக்குத் தெரியும். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை வாங்கிக் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். எம் வாழ்நாளில் எவரும் எம்மை அவ்வளவு கடிந்துகொண்டதில்லை.

நத்தார் காலையில் ஆலயத்திலிருந்து திரும்பியதும், படலைக் கயிற்றை அவிழ்த்துத் தட்டோடு சென்றோம். சொல்லவென்று வழிநெடுகச் சேர்த்துக்கொண்டு போன வார்த்தைகள் வாயில் வரவில்லை. ராத்தாவே பேசினார். “தட்டைக் கேட்டு வர எனக்கு வெக்கமா இருந்தது, தங்கச்சி. நீங்க கதவைத் திறக்காட்டி என்ன செய்யிற எண்டு பயந்துபோய் இருந்தேன்.”

எமது அச்சத்தை மட்டுமே எட்டு மாதமாக எண்ணிக்கொண்டிருந்தோம். வேலிக்கு அப்பாலும் ஒரு தாய் அஞ்சிக்கொண்டிருப்பாள் என்பது எமக்குத் தோன்றவேயில்லை. அன்று மாலை அதே தட்டு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு திரும்பி வந்தது. இரவு மகனை அழைத்து, “மறந்துவிட்டோம் என்று உனக்குச் சொன்னது பொய்; பயத்தினால் கொடுக்காமல் இருந்தோம்; அது பிழை” என்று ஒப்புக்கொண்டோம். பிள்ளை முன் தாய் தன் பிழையைச் சொன்னால் மதிப்புக் குறைந்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். எமது அனுபவம் வேறு. அதன்பின்னர் அவனும் தன் பிழைகளை எம்மிடம் மறைப்பதில்லை.

மறு ஆண்டு, 2020இல், கொரோனா நோய் பரவிற்று. அந்நோயால் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்று அரசு விதித்திருந்தது. இறந்தோரை அடக்கம் செய்வதே முஸ்லிம்களின் மார்க்கக் கடமை. ராத்தாவின் கணவர் நோயாளி. “சாவுக்குப் பயமில்லை, நெருப்புக்குத்தான் பயம்” என்று ராத்தா படலையில் நின்று சொன்னார். அந்த டிசெம்பரில் நாட்டின் பல இடங்களில் மக்கள் வெள்ளைத் துணி கட்டித் தம் துயரைத் தெரிவித்தனர். எமது வாசலில் நத்தார் நட்சத்திரத்தின் கீழே ஒரு வெள்ளைத் துணியை எம் மகள் கட்டினாள். 2021 பெப்ரவரியில் விதி மாறிற்று. மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் ஒதுக்கப்பட்ட நிலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர். ராத்தாவின் கணவர் நலம் பெற்று எழுந்தார். அந்த வெள்ளைத் துணியை ராத்தா கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கின்றார்.

2024 நவம்பரில் மாரி மழை பெருகியபொழுது, மதரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியருகே வெள்ளத்தில் அள்ளுண்டது. பிள்ளைகள் பலர் மாண்டனர். கடல்கோள் நிகழ்ந்து இருபது ஆண்டுகள் நிறைவெய்திய அந்த டிசெம்பரில் எமது வீட்டில் அலங்கார விளக்கு ஏற்றவில்லை. முடிவு செய்தவர்கள் பிள்ளைகளே. நாம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டு மட்டும் வழக்கம்போலச் சென்றது.

சகோதரிகளே, எம் மகளுக்கு மணம் பேசும் காலம் வந்துவிட்டது. ஊர் வழக்கப்படி இவ்வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுப்போம். ஓடு, கதவு, கிணறு, முற்றத்துத் தென்னை யாவும் உறுதியில் எழுதப்படும். அயலை எந்த நொத்தாரிசும் எழுதித் தர முடியாது. அதைப் பிள்ளைகளுக்குப் பழக்கித்தான் கொடுக்க வேண்டும். பழக்காமல் விட்டால் கையளிக்கும் வீடு பாதி வீடே. கெட்ட காலம் வந்தபின் இதனைப் பழக்க இயலாது என்பதும் எமக்கு 2019இல் தெரியவந்தது. அன்று எம்மைத் திரும்பவும் அந்தப் படலைக்கு இழுத்துச் சென்றது, நல்ல காலத்திலே எம் தாயார் பழக்கியிருந்த பழக்கமே.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீட்டிலே பெரியோர் யாருடனாவது பேசாமல் இருந்தால், காரணம் என்ன என்று பணிவோடு கேளுங்கள். விடை சொல்ல அவர்கள் தடுமாறினால், கேட்டது வீண் போகவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

இவ்வாண்டுக் கொப்பியை மூடுமுன்னர், உங்கள் அலுமாரியின் மேல்தட்டையும் ஒருமுறை பாருங்கள். பிறர் வீட்டுத் தட்டு ஏதும் அங்கே தங்கியிருந்தால், புத்தாண்டு பிறப்பதற்கு முன் அதைக் கழுவி, கையிலுள்ளது எதையேனும் வைத்து, நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

யாவருக்கும் எமது புத்தாண்டு வாழ்த்துக்கள்.